வானம் தெளிவு, படகு துறையில்: கிரேக்கத் தீவுகளில் கேட்டமரான் பயணத்தின் கணக்கு

ஜூலையும் ஆகஸ்டும் வந்தால் கிரேக்கத்திலிருந்து ஒரே மாதிரிச் செய்தி வரும். பிரேயஸ், ரஃபீனா துறைமுகங்களில் ஃபெர்ரிகள் நிறுத்தம், ஈஜியன் கடலில் காற்று 8 பியூஃபோர்ட், பயணிகள் பெட்டிகளோடு துறையில் காத்திருப்பு. கூடவே போடும் படத்தைப் பார்த்தால் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது. மழை இல்லை, இடி இல்லை, புயலும் இல்லை. அப்புறம் ஏன் கப்பல் நிற்கிறது?

ஒரு வாரத்துக்குப் பாய்மரக் கேட்டமரான், அதாவது இரண்டு உடல்களை இணைத்த படகு, வாடகைக்கு எடுத்துக்கொண்டு தீவு தீவாகப் போகக் கிளம்புகிறவர்களுக்கு இதே குழப்பம் இன்னும் பெரிதாக வருகிறது. மிக்கோனோஸ், பாரோஸ், சான்டோரினி என்று பட்டியல் போட்டுப் பணமும் கட்டியிருப்பார்கள். படகோ வீடு மாதிரி அகலமாக, சாயாமல் நிற்கிறது. ஆனால் மூன்றாம் நாள் காலை படகை ஓட்டும் ஸ்கிப்பர் வானிலை வரைபடத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு இங்கேயே இருக்கிறோம் என்று சொல்லிவிடுகிறார். சோம்பலா, பயமா, பணத்தை மிச்சப்படுத்துகிறாரா என்று சந்தேகம் வருகிறது. பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஏன் என்று புரிய மூன்று விஷயங்கள் தெரிந்தால் போதும்: அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது, இந்தப் படகின் வடிவம் எதைக் கொடுத்து எதை வாங்கிக்கொள்கிறது, திரும்பி வரும் வழி எந்தத் திசையில் இருக்கிறது. மூன்றாவதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

முதலில் அளவுகளைச் சொல்லிவிடலாம். 1 கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்தான் 1 நாட். பியூஃபோர்ட் என்பது காற்றின் வேகத்துக்கான படிநிலை. 4 என்றால் 11 முதல் 16 நாட், பாய்மரப் படகுக்கு அருமையான காற்று. 6 என்றால் 22 முதல் 27 நாட், அலைகளின் தலை எங்கும் வெள்ளையாக உடையும். 8 என்றால் 34 முதல் 40 நாட், அதாவது மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது.

## ஒரே நாடு, வேறு வேறு கடல்

கிரேக்கத் தீவுகள் என்று ஒரே பெயரில் சொன்னாலும் காற்றைப் பொறுத்தவரை அவை வேறு வேறு ஊர்கள். படகு எடுப்பவர் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

1. அயோனியன் கடல். மேற்குப் பக்கம், இத்தாலியை நோக்கியது. கோர்ஃபு, லெஃப்காடா, இத்தாகா, கெஃபலோனியா இங்கே இருக்கின்றன. காலையில் கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும், மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து ஒரு காற்று எழும், பொழுது சாய்ந்தால் அடங்கிவிடும். உள்ளூரில் இதை மைஸ்த்ரோ என்கிறார்கள்.

2. சரோனிக் வளைகுடா. ஏதென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பது. ஏஜினா, போரோஸ், ஹைட்ரா, கொஞ்சம் தள்ளி ஸ்பெட்செஸ். அட்டிகா நிலப்பகுதி வடக்கே மறைத்து நிற்பதால் காற்றின் முழு அடி இங்கே விழுவது குறைவு.

3. சைக்ளடீஸ். வெள்ளை வீடும் நீலக் கூரையுமாக நாம் படத்தில் பார்க்கும் கிரேக்கம் பெரும்பாலும் இதுதான். மிக்கோனோஸ், டினோஸ், பாரோஸ், நக்சோஸ், சான்டோரினி. நடு ஈஜியனில் திறந்து கிடக்கும் இந்தத் தீவுகள்தான் கோடைக் காற்றின் நேர் பாதையில் நிற்கின்றன.

4. டோடெக்கனீஸ். துருக்கிக் கரையை ஒட்டிய கோஸ், ரோட்ஸ், கார்பதோஸ். காற்று இங்கே வருவதற்குள் வடமேற்காகத் திரும்பியிருக்கும்.

வடக்கே ஸ்போரேட்ஸ் தீவுகளும் உண்டு. பச்சையான, அடக்கமான இடம், காற்று அங்கே சைக்ளடீஸ் அளவுக்கு முரட்டுத்தனமாக இருப்பதில்லை.

இந்த எல்லாக் கடலுக்கும் பொதுவான ஒரு வசதி, ஓதம் மிகக் குறைவு. தண்ணீர் மட்டம் ஏறி இறங்குவது பெரும்பாலான இடங்களில் ஒரு முழம்கூடக் கிடையாது. அதனால்தான் படகின் பின்பக்கத்தைக் கல்துறையில் கட்டிவிட்டு, ஒரு பலகையைப் போட்டு நேராக இறங்கி உணவுக்கடைக்கு நடக்க முடிகிறது.

## மெல்தெமி: மேகமில்லாத பலத்த காற்று

செய்தியில் வரும் அந்தக் காற்றின் பெயர் மெல்தெமி. மே மாதக் கடைசியில் எட்டிப்பார்த்து, ஜூலை ஆகஸ்டில் உச்சத்துக்குப் போய், செப்டம்பரில் தளரும். பழைய கிரேக்கர்கள் இதை ஆண்டுதோறும் வரும் காற்று என்ற பொருளில் எதேசியாய் என்றார்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் டெமோஸ்தெனிஸ் ஏதென்ஸ் மக்களிடம் பேசும்போதே, மாசிடோனிய அரசன் பிலிப் இந்தக் காற்று வீசும் காலம் பார்த்துத்தான் படையெடுக்கிறான், அப்போது நம்மால் வடக்கே போய்ச் சேர முடிவதில்லை என்று சொல்லியிருக்கிறார். 2,300 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் புகாரும் இன்றைய படகுப் பயணியின் சிக்கலும் ஒன்றுதான்: வடக்கே போக முடியவில்லை.

காரணம் இரண்டு அழுத்தங்களுக்கு நடுவே இருக்கும் இழுபறி. கோடையில் பால்கன் பகுதி மேல் காற்றழுத்தம் உயர்ந்து நிற்கிறது. கிழக்கே துருக்கியின் உள்நிலம் கொதித்து அங்கே அழுத்தம் குறைகிறது. இந்தத் தாழ்வழுத்தம் தனியாக நிற்பதில்லை என்பதுதான் நமக்குச் சுவையான செய்தி. பாகிஸ்தான், வடமேற்கு இந்தியப் பக்கம் கோடையில் உருவாகி, தென்மேற்குப் பருவமழையை நம் பக்கம் இழுத்துவரும் அதே வெப்பத் தாழ்வழுத்தம், ஈரான் வழியாகத் துருக்கி வரைக்கும் ஒரு நாக்கு மாதிரி நீண்டு கிடக்கிறது. வடகோளத்தில் உயர்வழுத்தத்தைக் காற்று வலஞ்சுழியாகச் சுற்றும், தாழ்வழுத்தத்தை இடஞ்சுழியாகச் சுற்றும். மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று இருந்தால் நடுவில் உள்ள ஈஜியனில் இரண்டும் சேர்ந்து காற்றை வடக்கிலிருந்து தெற்கே தள்ளுகின்றன. நமக்கு மழை கொண்டுவரும் பொறியின் மறுமுனையில் அவர்களுக்கு வறண்ட வாடை வீசுகிறது.

வறண்ட காற்று என்பதால் மேகம் இல்லை. மேகம் இல்லாததால் எச்சரிக்கையும் இல்லை. நம் கடலோரத்தில் வானம் கறுத்தால் வலையைச் சுருட்டுகிறோம். அங்கே வானம் பளிச்சென்று, தூரத்துத் தீவுகூடக் கூர்மையாகத் தெரிகிற நாளில்தான் காற்று 30 நாட் அடிக்கலாம். ஒருமுறை பிடித்தால் மூன்று நாள், ஐந்து நாள், சமயத்தில் அதற்கும் மேல் இரவு பகலாக விடாது.

முன்னறிவிப்பில் 25 நாட் என்று இருந்தால் எல்லா இடத்திலும் 25 நாட் என்று அர்த்தமில்லை. இரண்டு இடங்களில் அது மோசமாகிறது.

முதலாவது, தீவுகளுக்கு நடுவே உள்ள கால்வாய்கள். அகலமாக வந்த காற்று ஒடுங்கிய வழியில் நுழையும்போது வேகம் எடுக்கிறது. டினோஸுக்கும் மிக்கோனோஸுக்கும் நடுவே, பாரோஸுக்கும் நக்சோஸுக்கும் நடுவே இதைப் பார்க்கலாம். எவியாவுக்கும் ஆண்ட்ரோஸுக்கும் நடுவே உள்ள கஃபிரேயாஸ் நீரிணையில் தெற்கே இழுக்கும் நீரோட்டமும் சேர்ந்துகொள்வதால், அதன் பெயரைக் கேட்டாலே கிரேக்க மாலுமிகள் நிதானமாகிவிடுவார்கள்.

இரண்டாவது, நம் உள்ளுணர்வு தவறாகச் சொல்லும் இடம். வடக்கிலிருந்து காற்று வந்தால் தீவின் தெற்குப் பக்கம் ஒதுங்கினால் அமைதியாக இருக்கும் என்று தோன்றும். தாழ்ந்த தீவுக்கு அது ஓரளவு சரி. ஆண்ட்ரோஸ், அமோர்கோஸ், இகாரியா, கார்பதோஸ் மாதிரி மலை உயர்ந்த தீவுகளில் காற்று மலைமேல் ஏறி, மறுபக்கச் சரிவில் பாறை உருண்டு விழுவது மாதிரி விழுகிறது. அலை இருக்காது, ஆனால் நிமிடத்துக்கு நிமிடம் வேறு திசையிலிருந்து அறைகிற காற்று இருக்கும். ஒரு குடாவில் நங்கூரமிட்டு நிற்கும்போது தண்ணீரின் மேல் கறுத்த திட்டு ஒன்று சிலிர்த்துக்கொண்டு நம்மை நோக்கி ஓடிவருவது கண்ணுக்குத் தெரியும். அது வந்து மோத இருபது முப்பது விநாடிதான்.

## பெயர் தமிழ், படகு வேறு

கேட்டமரான் என்ற சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது. 1697-இல் வெளிவந்த தன் பயணநூலில் வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையில் பார்த்த மிதவைகளை இந்தப் பெயரால் எழுதினார். ஆனால் நம் கட்டுமரத்துக்கு இரண்டு உடல் கிடையாது. லேசான மரங்களைப் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் கட்டிய மிதவை அது, தண்ணீர் மேலே ஏறினால் இடுக்கு வழியே இறங்கிவிடும், கவிழ்ந்தாலும் மூழ்காது. இரண்டு படகுகளைக் குறுக்கு மரங்களால் இணைக்கும் வடிவம் பசிபிக் தீவுகளின் பாலினேசியர்களுடையது. 1876-இல் அமெரிக்காவில் நதானியல் ஹெரஷாஃப் அமாரிலிஸ் என்ற இரட்டை உடல் படகைக் கட்டி நியூயார்க் பந்தயத்தில் மற்ற படகுகளைப் பின்னுக்குத் தள்ளினார். காலப்போக்கில் அந்த வடிவத்துக்கே நம் சொல் ஒட்டிக்கொண்டது. சொல் ஒரு கடலிலிருந்தும் வடிவம் இன்னொரு கடலிலிருந்தும் வந்து சேர்ந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொள்வது பெருமைக்காக மட்டும் இல்லை. கட்டுமரம் மாதிரி எந்தக் கடலிலும் தாக்குப்பிடிக்கும் என்று பெயரை வைத்து நினைத்துவிடக் கூடாது, இரண்டின் குணமும் வேறு.

## அகலம் கொடுப்பதும் எடுப்பதும்

வாடகைச் சந்தையில் அதிகம் பார்க்கக்கூடிய லகூன் 42 என்ற பிரெஞ்சு மாடலை எடுத்துக்கொள்ளலாம். நீளம் சுமார் 12.8 மீட்டர், அகலம் 7.7 மீட்டர், தண்ணீருக்குள் இறங்கும் ஆழம் 1.25 மீட்டர்தான். இதே நீளமுள்ள ஒற்றை உடல் படகு 4 மீட்டர் சொச்சம் அகலம் இருக்கும், அடியில் கீல் என்ற கனமான துடுப்பு 2 மீட்டர் ஆழத்துக்கு இறங்கும்.

ஒற்றை உடல் படகு நிமிர்ந்து நிற்பது அந்தக் கீலின் கனத்தால். காற்று அடித்தால் சாயும், சாயச் சாயக் கீல் எதிர்ப்பக்கம் தூக்கி இன்னும் பலமாக நிமிர்த்தப் பார்க்கும். அந்தச் சாய்வே ஒரு எச்சரிக்கையும்கூட, பாய் அதிகமாகிவிட்டது என்று உடம்புக்கே தெரியும். கேட்டமரானுக்கு அந்தக் கனம் கிடையாது. அகலம்தான் அதன் பலம். காற்று தள்ளும்போது ஒரு உடல் கொஞ்சம் அழுந்துகிறது, மற்றது கொஞ்சம் எழுகிறது, அவ்வளவுதான். மேசையில் வைத்த தேநீர் அப்படியே இருக்கும். குழந்தைகளும் வயதானவர்களும் உள்ள குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் சாயாத படகு சொல்லாமலும் இருந்துவிடுகிறது. பாயின் மேல் விழும் சுமை கூடிக்கொண்டே போனாலும் காலுக்கடியில் தளம் மட்டமாகவே இருக்கிறது. அதனால் கேட்டமரானில் உணர்வை நம்பிப் பாயைச் சுருக்கக் கூடாது, காற்றுமானி காட்டும் எண்ணை நம்பித்தான் சுருக்க வேண்டும். இத்தனை நாட் ஆனால் முதல் சுருக்கு, இத்தனை ஆனால் இரண்டாம் சுருக்கு என்று ஒவ்வொரு படகுக்கும் ஒரு அட்டவணை உண்டு. பெரும்பாலான பயணப் படகுகளில் முதல் சுருக்கு 20 நாட்டுக்குப் பக்கத்திலேயே வந்துவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு தெற்கே 8 நாட் வேகத்தில் ஓடும்போது, 25 நாட் காற்று தளத்தில் நிற்பவருக்கு 17 நாட்டாகத்தான் படும். சுகமான பயணம், சட்டை காய்கிற காற்று. ஏதோ ஒரு காரணத்துக்காக, தொப்பி விழுந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், படகைக் காற்றை நோக்கித் திருப்பினால் அதே காற்று 30 நாட்டாக முகத்தில் அறையும், விரித்த பாய் துப்பாக்கி மாதிரி வெடித்து அடித்துக்கொள்ளும். காற்று கூடவில்லை. நாம் திரும்பினோம், அவ்வளவுதான்.

வாடகைக் கேட்டமரான் காற்றில் கவிழ்வது மிக அரிது, அதன் பாய்கள் அளவாகவே வைக்கப்பட்டிருக்கின்றன. பாய் கிழிவது, கயிறு அறுவது, பாய்மரத்துக்கு மேல் சுமை ஏறுவது இவைதான் நடைமுறை ஆபத்து.

## எதிர்க்காற்றின் கணக்கு

எந்தப் பாய்மரப் படகாலும் காற்று வரும் திசையை நோக்கி நேராகப் போக முடியாது. இடமாகக் கொஞ்சம், வலமாகக் கொஞ்சம் என்று மாறி மாறிச் சாய்வாகத்தான் முன்னேற முடியும். எவ்வளவு நெருக்கமாகக் காற்றை நோக்கிப் போகிறது என்பதில்தான் படகுக்குப் படகு வித்தியாசம். ஆழமான கீல் தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால் ஒற்றை உடல் படகு பக்கவாட்டில் அதிகம் நழுவாது. கேட்டமரானின் கீல் குட்டையானது, மேலே காற்று பிடிக்கும் உயரமான அறை வேறு, எனவே நழுவுகிறது. கணக்குக்காக, அலையுள்ள கடலில் ஒற்றை உடல் படகு காற்றுக்கு 48 டிகிரியிலும் கேட்டமரான் 60 டிகிரியிலும் முன்னேறுகின்றன என்று வைத்துக்கொள்வோம்.

1. இலக்கு நேராகக் காற்றின் திசையில் 30 கடல் மைல். ஒற்றை உடல் படகு ஓட வேண்டியது சுமார் 45 கடல் மைல். கேட்டமரான் ஓட வேண்டியது 60. இரண்டு மடங்கு.

2. ஏதென்ஸுக்குத் தென்கிழக்கே உள்ள லாவ்ரியோ துறையிலிருந்து சான்டோரினி தென்கிழக்கே சுமார் 100 கடல் மைல். போகும்போது வடகாற்று பின்பக்கத் தோளில் இருக்கும், 7 நாட் வேகத்தில் 14, 15 மணி நேரம். திரும்பும்போது வழி வடகாற்றுக்கு 40 டிகிரியில் அமைகிறது, கேட்டமரானால் பிடிக்க முடியாத கோணம். வளைந்து வளைந்து வந்தால் சுமார் 153 கடல் மைல். எதிர் அலையில் வேகமும் 6 நாட்டாகக் குறைந்தால் 25 மணி நேரத்துக்கு மேல்.

3. பாரோஸிலிருந்து லாவ்ரியோ சுமார் 65 கடல் மைல், கோணம் 55 டிகிரிக்குச் சற்று மேல். விளிம்பில் நிற்கிறது. காற்று கொஞ்சம் வடகிழக்காக இருந்தால் பிழைத்தோம், கொஞ்சம் வடமேற்காகத் திரும்பினால் இதுவும் வளைந்து வரும் வழிதான்.

சரி, எஞ்சின் போட்டு நேராக வந்தால்? வரலாம், பலரும் வருகிறார்கள். ஆனால் ஈஜியன் அலை நீண்டு உருளும் பெருங்கடல் அலை கிடையாது. தீவுகள் குறுக்கிடுவதால் அது குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி வருகிறது. இரண்டு உடல்களுக்கும் நடுவே தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே தொங்குகிறதே அறையின் அடித்தளம், அங்கே அந்த அலையின் தலை வந்து மோதும். தளத்துக்கு அடியில் யாரோ சம்மட்டியால் அடிப்பது போலச் சத்தம் கேட்கும், அலமாரியில் தட்டுகள் குதிக்கும், படகு ஒரு நொடி நின்று மறுபடி நகரும். மணிக்கு 4 கடல் மைல் கிடைத்தாலே நல்லது. எட்டு மணி நேரம் இந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வருபவர்களின் முகத்தில் விடுமுறை தெரியாது. நம்பி வந்த குழந்தைகளை இந்த எட்டு மணி நேரத்துக்குள் இழுத்துப்போகக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு கணக்கும்.

## ஏழு நாள் ஐந்து நாளாகிறது

வாடகை வழக்கமாகச் சனி முதல் சனி வரை. ஆனால் சனிக்கிழமை படகு கைக்கு வரும்போது மாலையாகிவிடும், சாமான் வாங்கி அடுக்கவே இருட்டிவிடும். பல நிறுவனங்கள் வெள்ளிக்கிழமை மாலையே படகு துறைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று கேட்கின்றன. ஆக ஓட்டக் கிடைப்பது ஞாயிறு முதல் வெள்ளி வரை ஆறு பகல். அதில் ஒரு நாளைக் காற்றுக்கு எழுதிவைத்துவிட்டால் ஐந்து.

இந்த ஐந்து நாளில் ஏதென்ஸின் அலிமோஸ் துறையிலிருந்து சான்டோரினி போய் வருவது என்பது ஜூலை ஆகஸ்டில் கெட்ட திட்டம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். போய்ச் சேர்ந்தாலும் அங்கே நிற்க இடம் சிரமம். சான்டோரினியின் புகழ்பெற்ற எரிமலைக் குழி 300 மீட்டருக்கும் மேல் ஆழம், நங்கூரம் போடக் கூடிய திட்டுகள் அபூர்வம். தெற்கே வ்லிகாடாவில் ஒரு சின்னத் துறை உண்டு, அதுவும் நிரம்பி வழியும். சான்டோரினியைப் பார்க்க ஆசைப்பட்டால் பாரோஸ் அல்லது நக்சோஸிலிருந்து ஃபெர்ரியில் ஒரு நாள் போய் வரலாம், இல்லையென்றால் படகையே பாரோஸில் வாடகைக்கு எடுக்கலாம். பாரோஸ், ஆன்டிபாரோஸ், நக்சோஸ், தெற்கே கூஃபோனீசியா, ஸ்கினூசா என்று சின்னச் சின்னத் தூரங்களில் ஒரு வாரம் நிறைவாகப் போகும்.

ஏதென்ஸ் பக்கத்திலிருந்தே கிளம்புவதானால் லாவ்ரியோ நல்ல இடம். சூனியன் முனையில் பொசைடன் கோயிலின் தூண்களைத் தாண்டும் வேலை மிச்சம், கேயா பக்கத்திலேயே இருக்கிறது, கித்னோஸ் 25 கடல் மைல்தான். கித்னோஸின் கொலோனாவில் ஒரு மெல்லிய மணல் திட்டு இரண்டு குடாக்களைப் பிரித்து நிற்கும், காற்றைப் பார்த்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நங்கூரம் போடலாம். கரையில் தண்ணீர் ஓரமாக வெந்நீர் ஊற்று, கற்களை வட்டமாக அடுக்கித் தேக்கியிருப்பார்கள். அங்கிருந்து செரிஃபோஸ், சிஃப்னோஸ் என்று மேற்குச் சைக்ளடீஸில் இறங்கினால் ஒவ்வொரு தாவலும் குறைவான தூரம், திரும்பும் வழியிலும் ஒவ்வொரு தீவும் ஒரு படிக்கட்டு.

## துறைக்குள் நுழையும் பத்து நிமிடம்

கிரேக்கத் துறைகளில் நம்மூர் மாதிரிப் பக்கவாட்டில் அணைப்பது குறைவு. துறையிலிருந்து நாலைந்து படகு நீளம் தள்ளி நங்கூரத்தை விட்டு, சங்கிலியை ஓடவிட்டுக்கொண்டே பின்னாலே வந்து, பின்பக்கத்தின் இரு மூலைகளிலும் கயிறு கட்ட வேண்டும். முன்னே நங்கூரம், பின்னே கயிறு, படகு நடுவில் இழுபட்டு நிற்கும். ஹைட்ரா மாதிரிக் குறுகிய துறையில் ஒருவர் சங்கிலி மேல் இன்னொருவர் சங்கிலி விழுவது அன்றாடக் காட்சி. காலையில் முதலில் கிளம்புகிறவர் நங்கூரத்தைத் தூக்கினால் பக்கத்துப் படகின் சங்கிலியும் சேர்ந்து மேலே வரும், அரை மணி நேரம் எல்லாரும் கொக்கியும் கயிறுமாக நிற்பார்கள்.

இந்த இடத்தில் கேட்டமரானுக்கு ஒரு அழகான பலம் உண்டு. இரண்டு எஞ்சின்கள், ஒவ்வொரு உடலிலும் ஒன்று. ஒன்றை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் போட்டால் படகு நின்ற இடத்திலேயே சுழலும். ஆனால் அகலம் ஏழு மீட்டருக்கு மேல், இரண்டு படகு நிற்கும் இடத்தை ஒன்றே பிடித்துக்கொள்கிறது. ஆகஸ்டில் மாலை ஐந்து மணிக்குப் போனால் ஒற்றை உடல் படகுக்கு இடுக்கு கிடைக்கும், நமக்குக் கிடைக்காது. மரீனா எனப்படும் படகு நிறுத்துமிடங்கள் பலவற்றில் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு கட்டணமும் வாங்குகிறார்கள். மதியம் இரண்டு மணிக்குள் துறையில் இருப்பது என்று பழக்கிக்கொண்டால் இந்தத் தொல்லையில் பாதி இல்லை. ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாளை ஒட்டிய வாரம் இன்னும் நெரிசல், டினோஸுக்கு யாத்திரிகர் கூட்டம் கூட்டமாக வருவார்கள்.

குடாவில் நங்கூரமிட்டுத் தங்குவதில்தான் இந்தப் படகின் முழு நன்மையும் கிடைக்கிறது. ஆழம் குறைவு என்பதால் கரைக்கு நெருங்கிப் போகலாம். கவனிக்க வேண்டியவை:

1. தண்ணீரின் நிறம். வெளிர் நீலம் என்றால் மணல், கறுத்த திட்டு என்றால் பொசிடோனியா என்ற கடற்புல் அல்லது பாறை. புல்லில் நங்கூரம் கவ்வாது, மேலும் அந்தப் புல்வெளி மிக மெதுவாக வளர்வது, பாதுகாக்கப்பட்டது, அதைக் கிழிக்கவே கூடாது.

2. சங்கிலியின் நீளம். தண்ணீர் 6 மீட்டர், அணியத்தின் (படகின் முன்முனை) உயரம் ஒன்றரை மீட்டர் என்றால் மொத்தம் ஏழரை. குறைந்தது ஐந்து மடங்கு, அதாவது சுமார் 38 மீட்டர். மெல்தெமி அடிக்கும் இரவில் ஏழு மடங்கு, 50 மீட்டருக்கு மேல்.

3. கவைக்கயிறு. இரண்டு அணியங்களிலிருந்தும் ஒவ்வொரு கயிறு வந்து சங்கிலியில் கவை மாதிரிச் சேரும். இதைப் போட்டால் படகு அங்கும் இங்கும் அலையாமல் காற்றை நோக்கி நிமிர்ந்து நிற்கும், சங்கிலியின் வெட்டு இழுப்பும் நேராகப் படகின் மேல் விழாது.

4. இறங்கிப் பார்ப்பது. கண்ணாடி மாட்டிக்கொண்டு குதித்து நங்கூரம் மணலில் புதைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டால் இரவு தூக்கம் வரும்.

## தாள் வேலைகள்

தானே ஓட்டுவதென்றால் செல்லுபடியாகும் பாய்மரப் படகு உரிமம் வேண்டும், கூடவே அனுபவமுள்ள இரண்டாவது ஆளும் வேண்டும். இல்லையென்றால் ஸ்கிப்பர், அவருக்குக் கூலியோடு ஒரு அறையும் சாப்பாடும். 2019 முதல் 7 மீட்டருக்கு மேற்பட்ட படகுகளுக்கு டெபாய் என்ற வரி உண்டு, வாடகைக் கட்டணத்தில் சேர்ந்ததா தனியா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பல ஒப்பந்தங்களில் பொழுது சாய்ந்தபின் ஓட்டக் கூடாது, குறிப்பிட்ட பியூஃபோர்ட்டுக்கு மேல் முன்னறிவிப்பு இருந்தால் துறையை விட்டுக் கிளம்பக் கூடாது என்ற நிபந்தனைகள் இருக்கும். அந்த நிபந்தனையை மீறிச் சேதம் வந்தால் காப்பீடு கைவிடலாம். ஸ்கிப்பர் மறுக்கும் நாளில் அவர் நினைவில் இருப்பது இந்த நிபந்தனையும்தான். டோடெக்கனீஸிலிருந்து துருக்கிக் கரை கண்ணுக்குத் தெரியும், ஆனால் அது ஷெங்கனுக்கு வெளியே, குடிநுழைவு முடிக்காமல் எட்டிப்பார்க்க முடியாது.

## எந்த மாதம், எந்தக் கடல்

முதல்முறை போகிற குடும்பம் என்றால் ஜூலை ஆகஸ்டில் அயோனியன் அல்லது சரோனிக். சைக்ளடீஸ்தான் வேண்டும் என்றால் மே கடைசி, ஜூன் முதல் பாதி, அல்லது செப்டம்பர் பிற்பாதி. செப்டம்பரில் கடல் வெதுவெதுப்பாக இருக்கும், கூட்டமும் கலைந்திருக்கும், ஆனால் தெற்கிலிருந்து மழையும் இடியுமாக ஒரு நாள் வரலாம், தெற்கே திறந்த குடாவில் அன்றைக்கு நிற்கக் கூடாது.

முன்னறிவிப்பைக் கிரேக்க வானிலைத் துறையும், கடலாய்வு மையத்தின் பொசைடன் சேவையும் தருகின்றன. பொசைடனில் காற்றோடு அலை உயரமும் வரைபடமாக வரும், எவ்வளவு பலம் என்பதை நிறம் சொல்லும். காலையில் அதைத் திறந்ததும் எல்லாரும் அன்றைய நிறத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வியாழன், வெள்ளியின் நிறத்தை. கித்னோஸில் செவ்வாய்க்கிழமை 12 நாட் தென்றல் மாதிரி வீசும், எல்லாரும் இன்னும் தெற்கே போகலாம் என்பார்கள், வியாழக்கிழமைக்கான கட்டம் ஆரஞ்சு நிறத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். அப்போது தெற்கே ஒரு தீவு கூடப் போனால் வெள்ளிக்கிழமை அந்தத் தூரத்தைச் சம்மட்டி அடியோடு திரும்பி வர வேண்டியிருக்கும். புதன்கிழமை மாலை நங்கூரம் விழும் இடத்திலிருந்து வாடகைத் துறை, எதிர்க்காற்றில் வந்தாலும் ஒரு பகலில் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். லாவ்ரியோவிலிருந்து கிளம்பியவருக்கு ஆகஸ்ட் மாதத்தில் அந்த இடம் கித்னோஸ்தான், இன்னும் பதற்றமில்லாமல் வேண்டுமானால் கேயா.